பிள்ளை பெறாதவளின் பால்

திருப்பூர்,
10.06.2024

சம்பந்தியம்மா மயிலாள் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஃபோனில் பேசினால் உங்கள் தம்பி முருகவேல் அதைப் பதிவு செய்து சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். போன வாரம் நான் ஆத்திரத்தில் பேசியதை என் கொழுந்தனார் மனைவி எனக்கே போட்டுக் காட்டினாள். நீங்கள் பேசியதெல்லாம் வெட்டப்பட்டிருந்தது. ஆகவே இனி எதுவானாலும் எழுத்தில்தான்.

உங்கள் மகள் பரணியை ஏன் கொண்டுவந்து விட்டேன் என்று கேட்டிருந்தீர்கள். அதைக் கேட்க உங்களுக்கு வாய் வந்ததுதான் ஆச்சரியம்.

என் மகன் இளங்குமரனுக்கும் அவளுக்கும் கல்யாணமாகி வரும் ஆவணியோடு மூன்று வருடம். அதில் கடைசிப் பதினான்கு மாதம் அவளுக்கு மாதவிலக்கே இல்லை. அதை எங்களிடம் சொல்லாதது மட்டுமல்ல, மாதம் தவறாமல் மூன்று நாள் சாமி அறைப் பக்கம் வராமல் ஒதுங்கி நின்று நடித்திருக்கிறாள். நானும் அதை நம்பி, அடுத்த மாதமாவது நல்ல சேதி வரும் என்று சஷ்டிக்குச் சஷ்டி விரதம் இருந்திருக்கிறேன். உண்மை தெரிந்ததும் மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். டாக்டரம்மாவிடம் நானே கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். அப்படியானால் குறை எங்கே?

சித்திரை முடிகிற சமயம் ஒருநாள், எங்கள் பனியன் யூனிட்டில் துணி பார்த்துக்கொண்டு நின்றவளின் சுடிதார் மார்புப் பக்கம் நனைந்திருந்தது. வேர்வை என்றாள். தனியாகக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். பால்.

நானும் ஒரு பிள்ளை பெற்றவள்தான். பெறாதவளுக்குப் பால் எங்கிருந்து வரும்? கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் நூல் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தாளே, அங்கே என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே எங்கள் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் பக்கத்துப் பெரியவர்களுடன் வந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் இழுத்தால் ஊர் சிரிக்கும். சிரிக்கப்போவது எங்களைப் பார்த்து அல்ல.

சாரதாமணி

*

காங்கேயம்,
15.06.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தீர்கள். தபால்காரர் வாசலில் நின்று என் பெயரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்க, தெருவே எட்டிப் பார்க்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். பார்த்தது. உங்கள் ஆசை நிறைவேறியது.

நான் தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு காயப்போடுகிறவள். நீங்கள் நாற்பது பெண்களை வைத்து வேலை வாங்குகிற முதலாளியம்மா. ஆனாலும் எனக்கும் பத்தாம் வகுப்புவரை எழுத்து வரும். அதனால் எழுத்திலேயே கேட்கிறேன்.

மூன்று வருடம் முன்னால் மில் ஹாஸ்டலில் பிள்ளை பெற்றிருந்தால் அதற்கு இந்தச் சித்திரையிலா பால் ஊறும்? இதைக்கூட யோசிக்காமலா நீங்கள் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தீர்கள்? ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருக்கிற கணக்கு உங்களுக்குத் தெரியவில்லையே.

மே பத்தொன்பதாம் தேதி உச்சிவெயிலில் கார் வந்து நின்றது. இன்ஜினைக்கூட நிறுத்தவில்லை. பையைத் தூக்கி வாசலில் வைத்தீர்கள். "உங்க பொண்ண நீங்களே வச்சுக்கோங்க, எங்க ஊட்டுக்கு இது ஒத்துவராது" என்றீர்கள். நான் செம்பில் தண்ணீர் கொண்டுவருவதற்குள் கார் திரும்பிவிட்டது. என் மருமகன் முன் சீட்டில் உட்கார்ந்து செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்தக் கடிதங்களே வந்திருக்காது.

அன்றிலிருந்து பரணி தலைவலி என்று படுத்தே கிடக்கிறாள். சோறு இறங்கவில்லை. உங்கள் வீட்டில் நாள் முழுக்க நின்று தலைவலிக்குது என்றவளுக்கு, "கேஸ் ட்ரபிள்தான்" என்று சொல்லிச் சொல்லி எத்தனை மாத்திரை கொடுத்தீர்களோ, எனக்குத் தெரியாது. மாதவிலக்கு வரவழைக்கிறேன் என்று மருந்துக் கடைக்காரனிடம் வைத்தியம் கேட்டவர் நீங்கள். பால் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கடைக்காரனையே போய்க் கேளுங்கள்.

என் மகளிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவளை நான் வளர்த்திருக்கிறேன்.

பெரியவர்கள் யாரும் வரமாட்டார்கள். செய்யாத தப்புக்குப் பஞ்சாயத்து எதற்கு?

மயிலாள்

*

திருப்பூர்,
24.06.2024

மயிலாள் அவர்களுக்கு,

சம்பந்தி என்று போடாததைக் கவனித்திருப்பீர்கள்.

கூட, விவாகரத்துக்கு வக்கீல் எழுதிய தாள் இருக்கிறது. படித்துப் பார்த்து பரணியிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். இளங்குமரனுக்குத் தாராபுரத்தில் ஒரு இடம் வந்திருக்கிறது. நானாகத் தேடவில்லை, தானாக வந்தது.

வேலை வாங்கியே அவளைக் கெடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவள் செய்த வேலையின் லட்சணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் யூனிட்டில் மேஜைமேல் பனியனை விரித்துப்போட்டு, கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்கவேண்டும். முதல் வருடம் அவளைப்போல் அந்த வேலை பார்த்தவர் இல்லை, அதை மறுக்க மாட்டேன். போன தீபாவளிக்குப் பிறகு என்ன வந்ததோ தெரியவில்லை. பீஸின் நடுவில் கடுகளவு புள்ளி இருந்தால் பிடித்துவிடுவாள். இரண்டு ஓரத்திலும் கையகலக் கிழிசல் இருந்தாலும் விட்டுவிடுவாள். குழந்தைகள் சட்டை நானூறு பீஸ் அப்படியே திரும்பி வந்தது. பக்கத்து மேஜைக்காரி நீட்டுகிற டீயைப் பார்க்காமல் தட்டிவிடுவாள். அயர்ன் மேஜையின் மூலை இடுப்பில் இடிக்கும், நிலைக்கதவு தோளில் இடிக்கும். ஒருமுறை சாமி அறையில் ஓரமாக வைத்திருந்த குத்துவிளக்கைத் தட்டிவிட்டு எண்ணெயெல்லாம் கொட்டினாள். "கண்ணு எங்கடி இருக்குது?" என்று கேட்டால், "தல வலிக்குதுங்க அத்தை" என்பாள். எதற்கெடுத்தாலும் தலைவலி. நெஞ்சில் ஒன்றை வைத்து மறைக்கிறவளுக்கு வேலையில் எப்படிக் கவனம் இருக்கும்?

நான் கொடுத்த மாத்திரையால்தான் எல்லாம் என்கிறீர்கள். விலக்கை வரவழைக்கவும் தள்ளிப்போடவும் ஒரே மாத்திரைதான், அதை எங்கள் யூனிட்டில் பாதிப் பேர் போடுகிறார்கள். கோயிலுக்குப் போகத் தள்ளிப்போடுகிறார்கள், கல்யாணத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். யாருக்கும் பால் வரவில்லை.

அவளை நான் அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குற்றமில்லாதவள் அப்படி நிற்பாளா?

சாரதாமணி

*

காங்கேயம்,
19.07.2024

சாரதாமணி அவர்களுக்கு,

இவ்வளவு நாள் பதில் எழுத நேரமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

ஜூலை முதல் தேதி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ரோட்டைக் கடக்கும்போது வலது பக்கமிருந்து வந்த பைக் பரணியை இடித்துத் தள்ளிவிட்டது. தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறான், நானே கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஓயாமல் கேட்கிற ஹாரன்களில் ஒன்று என்று நினைத்தாளோ என்னவோ, இவள் திரும்பவே இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டவர் அன்புசெல்வி என்கிற நர்ஸ். "ஏனுங்கண்ணு, வண்டி வர்றது தெரியலீங்களா?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "இவளுக்குக் கவனமே பத்தலீங்க, மாமியார்கூட அதத்தான் எழுதியிருக்கறாங்க" என்று சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் அப்போது என் பையில் இருந்தது. முருகவேலுக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்ட எடுத்துவைத்திருந்தேன். அன்புசெல்வி அதை வாங்கிப் படித்தார். நடுவில் இருக்கிற புள்ளி தெரியும், இரண்டு ஓரமும் தெரியாது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை இரண்டுமுறை படித்தார். "இந்தம்மா ஏசறதுக்கு எழுதினாலும் டாக்டருக்கு எழுதின மாதிரி எழுதியிருக்கறாங்க" என்றார்.

பிறகு பரணியை எதிரில் உட்காரவைத்து ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார். மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் விரலை ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவந்தார். "விரல் தெரியறப்ப சொல்லு கண்ணு." விரல் கன்னத்துக்கு நேராக வருகிறவரை அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த கண்ணும் அப்படியே. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். என் பிள்ளை இரண்டு பக்கமும் சுவர் வைத்த மாதிரி நடந்துகொண்டிருந்திருக்கிறாள், பெற்ற எனக்குத் தெரியவில்லை.

உடனே, "அம்மா கொஞ்சம் வெளிய இருங்க" என்று என்னை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். கால் மணி நேரம். திறந்தபோது பரணி அழுதுகொண்டிருந்தாள். மாதவிலக்கு நின்றதும் பால் வருவதும் தலைவலியும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நீங்கள் கூட்டிப்போன டாக்டரம்மாவும் "வேற தொந்தரவு ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்று கேட்டாராம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் "இல்லீங்க" என்று சொல்லிவிட்டாளாம்.

ரத்தம் எடுத்தார்கள். கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உங்களுக்குப் புரியும்படி, அன்புசெல்வி எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவேண்டும் என்று உத்தரவு போடுவது அதுதான். அந்த உத்தரவுக்குப் புரோலாக்டின் என்று பெயர், அது ஒரு ஹார்மோன். பரணிக்கு அந்தச் சுரப்பியில் அரநெல்லிக்காய் அளவு கட்டி வளர்ந்து, பிள்ளை இல்லாமலே அந்த உத்தரவைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் பால். பால் கொடுக்கிற தாய்க்கு விலக்குத் தள்ளிப்போகிற மாதிரிதான் இவளுக்கும் நின்றுபோனது. கட்டி மேலே வளர்ந்து கண் நரம்பை அழுத்தியதால் பக்கப் பார்வை போனது. இது புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், ஆபரேஷன்கூடத் தேவைப்படாது என்கிறார்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா? பால் மில் ஹாஸ்டலிலிருந்து வரவில்லை.

எந்தெந்த வீட்டில் உட்கார்ந்து என் மகளைப் பற்றிப் பேசினீர்களோ, அந்தந்த வீட்டுக்குப் போய் அதே வாயால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை உங்கள் வக்கீல் தாள் என்னிடமே இருக்கட்டும்.

மயிலாள்

*

திருப்பூர்,
26.07.2024

மயிலாள் அவர்களுக்கு,

தலையில் கட்டியாம், மார்பில் பாலாம். காலில் முள் குத்தினால் காது வலிக்கும் என்று சொன்னால்கூட நம்பலாம் போலிருக்கிறது. கம்ப்யூட்டரில் எந்தத் தாளை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பது தினமும் இருநூறு லேபிள் அச்சடிக்கிற எனக்குத் தெரியாதா?

அப்படியே உண்மையென்று வைத்துக்கொண்டாலும், தலையில் கட்டியுள்ள பெண்ணை எங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்? ஒரு பழிக்குப் பதிலாக இன்னொன்றை ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.

இளங்குமரன் அந்தத் தாளைப் படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நான்தான் நிறுத்தினேன். "எவ பேச்சக் கேட்டு எங்கடா போற?" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அவன் என் பேச்சைத் தட்டமாட்டான்.

யார் வீட்டுக்கும் போய் எதையும் திரும்ப எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

சாரதாமணி

*

காங்கேயம்,
11.09.2024

சாரதாமணி அவர்களுக்கு,

உங்கள் மகன் உங்கள் பேச்சைத் தட்டமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவர் இங்கே வந்தார். உங்களிடம் பாத்திரக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாராம். இதை நான் எழுதுவது உங்களுக்கு வலிக்கவேண்டும் என்பதற்காகத்தான். மறைக்கவில்லை.

அதற்கு முன்னால் பரணியின் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு இரண்டு மாத்திரை. முதல் பதினைந்து நாள் வாந்தியும் தலைசுற்றலுமாகக் கிடந்தாள். ராத்திரி சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள், சரியானது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலை, நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், திரும்பாமலே, "அம்மா, உங்க கை ஆடறது எனக்குத் தெரியுதுங்க" என்றாள். முறத்தைக் கீழே போட்டுவிட்டேன். பால் நின்றுவிட்டது. போன வாரம் விலக்கானாள். எதற்கோ அழுகிறாள் என்று போய்ப் பார்த்தால், பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

இனி ஒன்று சொல்லவேண்டும். உங்களிடம் சொல்வேன் என்று நான் நினைக்கவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

என் மகளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். பொய். நீங்கள் விட்டுவிட்டுப் போன நாலாம் நாள் அவளைச் சிவன்மலை அடிவாரத்துக்குக் கூட்டிப்போனேன். சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையில் வைத்து, "யாருதுன்னு சொல்லு, இல்லாட்டி அப்படியொண்ணும் இல்லைன்னு சத்தியம் பண்ணு" என்றேன். அவள் கையை மூடிச் சூடத்தை அணைத்தாள். கொப்புளம் ஆற மூன்று வாரம் ஆனது. தழும்பு விழுந்த அந்தக் கையோடுதான் ரோட்டைக் கடந்தாள். நீங்கள் கேட்டது ஒரு மாமியார் கேட்ட கேள்வி. நான் கேட்டது பெற்றவள் கேட்ட கேள்வி. எது அதிகம் சுட்டது என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இதனால் நீங்களும் நானும் ஒன்று என்று ஆகிவிடாது. நான் அவளிடம் மட்டும் கேட்டேன். நீங்கள் ஊரிடம் சொன்னீர்கள்.

உங்கள் மகன் வந்த அன்று பரணிதான் கதவைத் திறந்தாள். "வா, போலாம். அம்மாவ நான் சமாளிச்சுக்கறேன்" என்றார். இவள் கேட்டாள், "அன்னைக்கு அத்தை என்னைய அந்தக் கேள்வி கேட்டப்ப நீங்க ரூமுக்குள்ளதான் இருந்தீங்க. கேட்டுதுங்களா?" அவர் செல்ஃபோனை எடுத்துப் பார்த்தார். "கேட்டுதா இல்லீங்களா, அத மட்டும் சொல்லுங்க." "கேட்டுது" என்றார். "அப்ப நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு இவள் உள்ளே வந்துவிட்டாள். நான்தான் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். குடிக்கவில்லை.

அவள் திரும்பி வரமாட்டாள். அதற்காக நீங்கள் ஊரில் சொன்னதைத் திரும்ப எடுக்கவேண்டாம் என்று அர்த்தமில்லை. உங்கள் மருமகளாக இல்லாவிட்டாலும் அவள் இந்தச் சாதிசனத்துக்குள்தான் வாழவேண்டும்.

மயிலாள்

*

திருப்பூர்,
20.10.2024

மயிலாள் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதற்காகச் செய்தேன் என்று நினைக்கவேண்டாம். உங்கள் கடிதம் பொய் என்று காட்டுவதற்காகத்தான் கிளம்பினேன்.

முதலில் பழைய டாக்டரம்மாவிடம் அந்த ஸ்கேன் தாளைக் கொண்டுபோனேன். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பால் வர்ற விஷயத்த அன்னைக்கு எங்கிட்ட யாரும் சொல்லலியேம்மா. நானும் உங்கள வெளிய அனுப்பிச்சிட்டுக் கேட்டிருக்கோணும், என் தப்பும் இருக்குது" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. காங்கேயம் வந்து அந்த அன்புசெல்வியைப் பிடித்தேன். பரணியைப் பற்றிக் கேட்டேன். "அடுத்தவிய விஷயத்த நான் பேசமாட்டனுங்க. உங்களுக்கு என்ன தொந்தரவு, அதச் சொல்லுங்க" என்றார். ஒன்றுமில்லை என்று எழுந்தேன். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், எங்கள் யூனிட் பெண்களுக்கு வந்து பேசமுடியுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு வந்தார். வந்தவர் முதலில் சொன்னதே, "ஓனரம்மா வெளிய இருக்கட்டுங்க" என்பதுதான். என் யூனிட்டிலிருந்து என்னையே வெளியே அனுப்பினார். நான் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிற அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் என்று சொன்னது மூன்று மணி நேரம் போனது. ஒருத்திக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறதாம். ஒருத்திக்கு முகத்தில் முடி. ஒருத்தி காசில்லாமல் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். தள்ளிப்போடுகிற மாத்திரை போட்டு ஒருத்திக்குக் காலெல்லாம் வீங்கியிருக்கிறது. பன்னிரண்டு வருடமாக என்னிடம் வேலை செய்கிறவர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் யார் லீவு போடுகிறார்கள் என்பது மட்டும்தான்.

அந்த வாரமே ஐந்து வீடுகளுக்குப் போனேன். "பரணிக்கு உடம்புல வந்த சீக்கு அது, நான் தெரியாமப் பேசிட்டேன்" என்றேன். ஐந்திலும் இதே வார்த்தை. இரண்டு வீட்டில் நம்பினார்கள். இரண்டு வீட்டில் காப்பி கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். என் கொழுந்தனார் மனைவி, "மருமகளைத் திரும்பக் கூட்டியாரோணும்னா இப்படித்தான் மாத்திப் பேசுவீங்க" என்று சிரித்தாள். நான் சொன்னபோது உடனே நம்பியவள் அவள். பழி சொன்னபோது யாரும் சான்று கேட்கவில்லை. திரும்ப எடுக்கும்போது எல்லோரும் கேட்கிறார்கள். போதுமா? இதுதானே நீங்கள் கேட்டது?

தாராபுரத்துப் பேச்சை விட்டுவிட்டோம். இளங்குமரன் என்னிடம் பேசி ஒரு மாதம் ஆகிறது. வக்கீல் தாளை என்ன செய்வதென்று பரணியே சொல்லட்டும்.

இன்னொன்று. எழுதலாமா என்று மூன்று நாளாக இந்தத் தாளை மடித்து மடித்து வைத்தேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. விலக்கு நின்று இரண்டு வருடத்துக்குமேல் ஆகிறது. ஆனி மாதத்திலிருந்து மறுபடியும் ரத்தம் படுகிறது. முதலில் கொஞ்சம், இப்போது வாரத்தில் மூன்று நான்கு நாள். சூடு என்று மோரும் வெந்தயமும் குடித்துக்கொண்டிருந்தேன். அன்று அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது அந்த நர்ஸ் சொன்னார், "நின்னு ஒரு வருசம் கழிச்சுத் துளி பட்டாலும் சும்மா இருக்கக்கூடாதுங்க. ஒண்ணுமில்லாமலும் போலாம், புற்றுநோயாவும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்." அதைக் கேட்டும் எழுந்து உள்ளே போக என்னால் முடியவில்லை. ஓனரம்மா வெளியே இருக்கவேண்டும் அல்லவா?

இங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். அவர்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அன்புசெல்வி எந்தெந்த நாள் இருப்பார் என்று மட்டும் எழுதுங்கள். வேறெதுவும் எழுதவேண்டாம்.

சாரதாமணி

*

காங்கேயம்,
24.10.2024

சாரதாமணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. அதை மறைத்து எழுதினால் நான் இதுவரை எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

அன்புசெல்வியைப் போய்ப் பார்த்தேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஐம்பத்து நான்கு வயது, நின்று இரண்டு வருடம், நாலு மாதமாகப் படுகிறது என்று மட்டும் சொன்னேன். நாலு மாதம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "தீபாவளி கழிச்சுன்னு சொல்ல வேண்டாங்க, திங்கக்கிழமை கூட்டியாங்க. பெண்களைப் பாக்கற டாக்டரம்மா அன்னைக்கு இருப்பாங்க" என்றார். ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் கர்ப்பப்பையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். பயப்படும்படி வலிக்காது என்றார். நிறையப் பேருக்கு ஒன்றும் இருப்பதில்லையாம். இருந்தாலும் சீக்கிரம் பார்த்தால் சரிசெய்துவிடலாமாம்.

திங்கட்கிழமை, இருபத்தெட்டாம் தேதி. தீபாவளி ஆர்டர் போகவேண்டும், லாரி வரவேண்டும் என்றெல்லாம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். சீட்டு எட்டு மணிக்குக் கொடுப்பார்கள், கூட்டம் இருக்கும். நான் ஏழு மணிக்கே போய் வரிசையில் நிற்கிறேன். களத்துக்கு அன்று வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரில் வரவேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். உங்கள் கார் நம்பர் இந்த ஊரில் நிறையப் பேருக்குத் தெரியும்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். அங்கே உட்கார்ந்து நாம் பழைய கதை பேசப்போவதில்லை. பரணி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், எண்ணெய் மில்லில் பில் போடுகிற இடத்தில். அவளைப் பார்க்கலாம் என்கிற எண்ணமும் வேண்டாம். அவள் வரமாட்டாள்.

இந்தக் கடிதத்தை எழுதும்போது அவள் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். உங்களுக்கு உடம்பில் என்ன என்பதை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அவங்கள வெறும் வயித்தோட வரச் சொல்லுங்கம்மா, ரத்தம் எடுப்பாங்க" என்றாள்.

அவள் சொன்னபடி வெறும் வயிற்றோடு வாருங்கள்.

மயிலாள்